பழைய பிளேடைக் கன்னத்தில் வைப்பதற்கு முன்

பிரிக்காத பழைய சவர பிளேடு பொட்டலம் ஒன்று கையில் கிடைத்தால் ஆர்வத்தில் உடனே பிரித்துவிடாதீர்கள். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் நாலாபுறமும் திருப்பிப் பாருங்கள். மேலுறையின் ஓரத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு ஓடியிருந்தால் உள்ளே பிளேடின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, துருப்பிடித்து, அந்தத் துரு தாளில் ஊறி வெளியே தெரிகிறது என்று பொருள். அதைப் பிரிக்கவே வேண்டாம். காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், முகத்துக்கு ஆகாது.

பழைய பிளேடுகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரைத்தான் துரத்துகிறார்கள். இந்தப் பெயர் போட்டது அற்புதம், அந்தப் பெயர் மோசம் என்று பேச்சு ஓடும். பெயர் பாதி விஷயம்தான். மீதிப் பாதி, அந்த ஒரு பிளேடு இத்தனை வருடம் எப்படிக் கிடந்தது என்பது. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று சத்தமில்லாமல் மழிக்கும், மற்றது முடியைப் பிடித்து இழுத்துக் கண்ணில் நீர் வரவைக்கும். அதனால் ஒவ்வொரு பிளேடையும் தனித்தனியாகச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கையில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு

இருபுறமும் வாய் உள்ள மெல்லிய பிளேடுக்கும் அதற்கான ரேசருக்கும் கிங் கேம்ப் கில்லெட் காப்புரிமை பெற்றது 1904-இல். முதல் பிளேடுகள் கார்பன் எஃகு, நடுவில் மூன்று வட்டத் துளைகள், தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். இன்றைய பிளேடு சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். 1930-இல் துளைகளுக்குப் பதிலாக நீண்ட வெட்டுத்துளை வந்தது. இன்று வரை கிட்டத்தட்ட அதே அமைப்புதான். 1940-களின் பிற்பகுதியில் பிளேடைக் கட்டைவிரலால் தள்ளி எடுக்கும் டப்பா வந்தது.

சவரத்தைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 1960-களில் நடந்தது. 1960-இல் கில்லெட் நிறுவனத்தின் சூப்பர் புளூ பிளேடு வந்தது. அதன் வாயில் வழவழப்பான மேல்பூச்சு உண்டு, ஆனால் எஃகு அதே கார்பன்தான். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனம் எவர்சில்வர் பிளேடைக் கொண்டுவந்து சந்தையைக் கலக்கியது. 1963-இல் கில்லெட்டும் எவர்சில்வருக்கு வந்தது. 1969-இல் பிளாட்டினம் பிளஸ். பிளாட்டினம் கலந்த உலோகப் படலம் வாயின் மேல் ஏற்றப்பட்ட பிளேடு அது.

முதன்முதலாகப் பழைய பிளேடு முயல்கிறவர்கள் 1960-களின் நடுவிலிருந்து 1970-கள் வரையிலான எவர்சில்வர் பிளேடில் தொடங்குங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. அந்த எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கிறது, எளிதில் துருப்பிடிக்காது. வாயில் பூசிய டெஃப்லான் வகைப் பூச்சும் வருடக்கணக்கில் சும்மா கிடப்பதால் கெட்டுப்போகிற பொருள் அல்ல. கார்பன் பிளேடு சுவாரசியமானது, ஆனால் அதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

கார்பனா எவர்சில்வரா என்று காந்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள். பிளேடுக்கு ஏற்ற எவர்சில்வர் கடினப்படுத்தப்பட்ட வகை என்பதால் அதுவும் காந்தத்தில் ஒட்டும், கார்பனும் ஒட்டும். உறையைப் படிப்பதுதான் சரியான வழி. எவர்சில்வர் அந்தக் காலத்தில் பெருமையான விற்பனைச் சொல். ஸ்டெயின்லெஸ் என்று உறையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் கார்பன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீல அரக்குப் பூசிய பிளேடுகளும் தின் என்ற பெயரில் விற்ற மெலிந்த மலிவு ரகங்களும் கார்பன்.

காலத்தைக் கணிக்க உறையிலேயே சில தடயங்கள் உண்டு. பார்கோடு இருந்தால் 1974-க்கு முந்தைய பொட்டலமாக இருக்க முடியாது. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963 அல்லது அதற்குப் பின். நகரின் பெயருக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால் அது 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்ட மண்டல எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பழைய பொட்டலங்களில் இருபுற பிளேடு அல்லாதவையும் கலந்து வரும். ஒரு பக்கம் மட்டும் வாயும் மறுபக்கம் மடித்த முதுகுத் தகடும் உள்ளவை, ரேசருக்குள் தள்ளிச் செலுத்தும் குச்சி போன்ற இன்ஜெக்டர் பிளேடுகள், தோல்வாரில் தீட்டும் பழைய ரேசர்களுக்கான தடித்த பிளேடுகள் ஆகியவை உங்கள் ரேசரில் உட்காரவே உட்காராது. இருபுற பிளேடு என்றால் நீளம் சுமார் 43 மில்லிமீட்டர், அகலம் 22 மில்லிமீட்டர். உறையின் அளவை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒருமுறை பயன்படுத்திய பழைய பிளேடை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எப்படிக் கழுவினாலும், தொடாதீர்கள். ஆல்கஹால் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் டெட்டனஸ் போன்றவற்றின் வித்துகளை அது கொல்லாது. உறை பிரிந்து, யார் கைபட்டது என்று தெரியாமல் கிடக்கும் பிளேடுக்கும் இதே தீர்ப்புதான். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் கடந்திருந்தால் இந்தச் சோதனைகளைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

பிரிப்பது

தாளில் சுற்றிய பிளேடுக்கு இரண்டு உறைகள் இருக்கும். வெளியே அச்சிட்ட தாள், உள்ளே மெழுகுத்தாள். மெழுகும் லேசான எண்ணெயும் சேர்ந்துதான் இத்தனை காலம் ஈரத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. வெளித்தாளின் மடிப்பை நகத்தால் நெம்பி ஒவ்வொரு மடலாக விரியுங்கள். உள்தாளோடு பிளேடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் தாள் வாயின் மேல் உராயும், இல்லாவிட்டால் பிளேடு திடீரென்று விடுபட்டு விரலைக் கீறும். உள்தாளோடேயே கையைச் சுடும் அளவுக்குச் சூடான நீர் நிரம்பிய தட்டையான கிண்ணத்தில் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். மெழுகு இளகித் தாள் தானே கழன்றுவிடும். பிறகு முனை தட்டையான சிறு இடுக்கியால் பிளேடின் குட்டை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். நீளமான ஓரம் எதையும் எதன் மேலும் படவிடாதீர்கள். இந்த விதி கடைசி வரை பொருந்தும்.

டப்பாவில் வந்த பிளேடுகளில் வேறு தொல்லை. உள்ளே இருந்த எண்ணெய் காலப்போக்கில் பிசினாகி, பிளேடுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் முதலில் அசையாது, அழுத்தம் கூடியதும் சட்டென்று பாதி வெளியே பாயும். விரல் வெட்டுப்படுவது அந்த நொடியில்தான். டப்பாவில் பிளேடு வெளிவரும் திறப்பில் மினரல் ஆயில் ஒரு துளி விட்டு, டப்பாவைச் சாய்த்துக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு கட்டைவிரலுக்குப் பதிலாகப் பென்சிலின் ரப்பர் முனையால் தள்ளினால் பிளேடு மெதுவாக நகரும். பல டப்பாக்களில் பயன்படுத்திய பிளேடைப் போட்டுவைக்கத் தனிப் பிளவும் உண்டு. அந்தப் பிளவுக்குள் இருப்பது யாரோ ஒருவர் மழித்து முடித்த பிளேடு. குலுக்கினால் அந்தப் பக்கம் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றையும் எடுக்க வேண்டாம்.

லென்ஸின் கீழே

இந்த வேலையில் பணம் செலவழிக்கத் தகுந்த கருவி ஒன்றே ஒன்று. 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், விளக்கு பொருத்திய கைலென்ஸ். பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லூப்பும் உதவும், ஆனால் சிறு குழிகள் அதில் நழுவிவிடும்.

பிளேடைக் கருப்புத் துணியின் மேல் தட்டையாக வைத்து, விளக்கைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகக் காட்டுங்கள். முதலில் தெரிவது வாயை ஒட்டிய தீட்டுச் சரிவு, நேர்த்தியான இணைகோடுகளோடு ஒரு சாம்பல் பட்டை. அந்தப் பட்டை முடியும் இடத்தில்தான் கண் நிலைக்க வேண்டும். நல்ல வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. பட்டை முடிந்ததும் நேரே இருட்டு ஆரம்பிக்கும். அந்த எல்லையில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு மின்னினால் வாய் மழுங்கியிருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. கோடு முழுக்க இல்லாமல் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகளாக இருந்தால் அங்கங்கே உடைந்திருக்கிறது. பிளேடை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, 43 மில்லிமீட்டர் நீளத்தையும் இரண்டு வாய்களிலும் இரண்டு முகங்களிலும் பார்க்க வேண்டும். நான்கு பார்வை, ஐந்து நிமிடம்.

பழுப்பு அல்லது கருப்புப் புள்ளி பிளேடின் நடுப்பகுதியில், வாயிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் பாதகமில்லை. சரிவின் மேல் ஒரு புள்ளி இருந்தாலும் அந்தப் பிளேடை ஒதுக்கிவிடுங்கள். துரு வெளியே புள்ளியாகத் தெரியும்போதே உள்ளே குழியாகத் தின்றிருக்கும். அந்தக் குழி வாயைத் தொடும் இடத்தில் விளிம்பு ரம்பம்போல ஆகியிருக்கும்.

மஞ்சளாகவோ வெள்ளையாகவோ திட்டுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது மெழுகாக இருக்கலாம். வெந்நீரில் போட்டெடுத்தால் மெழுகு போய்விடும், துரு போகாது. அப்படியே பிரித்தறிந்துகொள்ளலாம்.

கட்டைவிரலை வாயின் மேல் ஓட்டிக் கூர் பார்ப்பது, நகத்தில் உரசுவது, காகிதம் கிழிப்பது எல்லாம் பிளேடைக் கெடுக்கும் சோதனைகள். சவர பிளேடின் நுனி அவ்வளவு மெல்லியது. காகிதத்தை வெட்டினாலே முதல் சவரத்தின் கூர் போய்விடும்.

ரேசரில் உட்காருமா

நீள வெட்டுத்துளை உள்ள பழைய பிளேடுகள் இன்றைய பெரும்பாலான ரேசர்களில் பொருந்தும். மூன்று துளைப் பிளேடுதான் சிக்கல். ரேசரின் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள். நடுவில் திருகும் இருபக்கம் வட்டக் குமிழ்களும் இருந்தால் மூன்று துளைப் பிளேடைப் பொருத்திப் பார்க்கலாம். குமிழ்களுக்குப் பதிலாக நீளமான முகடு இருந்தால் உட்காராது. வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல மேலே திறக்கும் ரேசர்களில் நடுவில் நீளத் தண்டு உண்டு, அவற்றிலும் உட்காராது. கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று தோன்றும். அழுத்தாதீர்கள். கடினப்படுத்திய கார்பன் எஃகு ஓரளவுக்கு மேல் வளையாது, துண்டாகத் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து.

தடிமனையும் யோசிக்க வேண்டும். இன்றைய ரேசரின் வளைவு 0.1 மில்லிமீட்டர் பிளேடுக்காக அமைக்கப்பட்டது. 0.15 மில்லிமீட்டர் பிளேடு அதே வளைவுக்கு முழுதாகப் படியாமல், வாய் சற்று வேறு கோணத்தில் நிற்கும். மூடியும் அடித்தட்டும் இடைவெளியில்லாமல் கவ்வாவிட்டால் பிளேடின் ஓரம் சவரத்தின்போது அதிரும். இந்த அதிர்வைத்தான் பலர் மொட்டை பிளேடு என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். தடித்த பிளேடுக்கு மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று கழலும் அதே காலத்து மூன்று துண்டு ரேசர் கிடைத்தால் அதுதான் சரியான ஜோடி.

மாட்டும்போது குட்டை ஓரங்களை மட்டும் பிடியுங்கள். மூடியைக் கவிழ்த்துப் பிளேடை வைத்து, மேலே அடித்தட்டை வைத்து, இரண்டையும் விரலால் சேர்த்து அழுத்திய நிலையில் கைப்பிடியைத் திருகுங்கள். முடித்த பிறகு ரேசரின் தலையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி இருபக்கமும் பாருங்கள். பிளேடு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் எட்டிப் பார்த்தால் திருகை அரைச்சுற்று தளர்த்தி, சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். பழைய பிளேடுகளின் துளைகள் புதியவற்றைவிடக் கொஞ்சம் தளர்ந்து உட்காரலாம், ஆகவே இந்தப் பார்வையைத் தவிர்க்காதீர்கள். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ரேசர் என்றால் குறைந்த எண்ணில் தொடங்குங்கள்.

கழுவுவது

லென்ஸ் சோதனையில் தேறிய பிளேடை மாட்டும் முன்பு மெழுகையும் பிசினையும் நீக்க வேண்டும். சூடான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிளேடை இடுக்கியால் பிடித்து முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு தடவை அலசுங்கள். சுத்தமான வெந்நீரில் ஒருமுறை. அடுத்து 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் மூழ்க வைத்து, எடுத்துச் சாய்த்து நிறுத்திக் காற்றில் உலரவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். கிருமியைக் கொல்ல அதில் கொஞ்சம் நீர் இருக்க வேண்டும், 70 சதவீதமே மேல். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, மெழுகுவத்தி பக்கத்தில் இந்த வேலை கூடாது.

துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். கார்பன் பிளேடு என்றால் கழுவுவதை முந்தின நாள் செய்யாமல் சவரத்துக்குச் சற்று முன்பு செய்யுங்கள். எண்ணெய் போன கார்பன் வாய், ஈரக் காற்றில் ஒரே இரவில் துருவ ஆரம்பித்துவிடும்.

முதல் சவரம்

எதையாவது ஒப்பிட வேண்டுமானால் மற்ற எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ரேசர், அதே சோப்பு, அதே பிரஷ், அதே நாள் கணக்கு முடி. புது ரேசர், புது சோப்பு, பழைய பிளேடு மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து முயன்றால் எரிச்சல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முடியை நன்றாக ஊறவைப்பது வழக்கத்தைவிட இங்கே முக்கியம். வெதுவெதுப்பான நீரில் மூன்று நிமிடமாவது முகத்தை நனைத்து, கெட்டியான, ஈரமான நுரை போட்டு மேலும் ஒரு நிமிடம் விடுங்கள். எஃகைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடை உடைக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முடி வளைந்து சாய்ந்து வாயின் பக்கவாட்டை நெருக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது. பழைய பிளேடின் வாயில் ஏற்கெனவே நுண்ணிய பலவீனங்கள் இருக்கலாம். ஊறிய முடி எளிதாக வெட்டுப்படும், வாய்க்கும் அவ்வளவு பாரம் இருக்காது.

இரண்டு ரேசர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல முறை ஒன்று உண்டு. இடது கன்னத்துக்குப் பழைய பிளேடு, வலது கன்னத்துக்கு உங்கள் வழக்கமான புது பிளேடு. அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் கை வாகாக இருக்கும், மறுபக்கம் இருக்காது. பக்கம் மாற்றாவிட்டால் கையின் குறையைப் பிளேடின் குறையாக எழுதிவிடுவோம்.

தொடங்கும் இடம் காதுமடலுக்குக் கீழே, கன்னத்தின் சமமான பகுதி. முகவாய், மேலுதடு, கழுத்து மூன்றையும் கடைசிக்கு வையுங்கள். ரேசரின் மூடியைத் தோலில் தட்டையாக வைத்து, கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். வாய் முடியைத் தொடும் மெல்லிய சரசரப்பு கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே சுமார் 30 டிகிரி, அதுதான் கோணம். ரேசரின் எடை மட்டும் போதும். முடி வளரும் திசையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பு.

முதல் நான்கு இழுப்புகளிலேயே தீர்ப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். சரசரவென்று சீரான சத்தத்தோடு நுரை விலகினால் தொடருங்கள். ஒவ்வொரு முடியும் பிடுங்கப்படுவதுபோல இருந்தால் நிறுத்தி ரேசரைத் திருப்பி மறுவாயால் இரண்டு இழுப்பு பாருங்கள். ஒரு வாய் கெட்டு மறுவாய் நன்றாக இருக்கும் பிளேடுகள் உண்டு. இரண்டும் இழுத்தால் அந்தப் பிளேடு அவ்வளவுதான். இன்னொரு பக்கம் போனால் சரியாகிவிடும் என்று அழுத்திப் பார்ப்பதில்தான் வெட்டுக்காயம் வருகிறது.

முதல் சவரத்தில் முடியின் எதிர்த்திசையில் போக வேண்டாம். வளரும் திசையில் ஒருமுறை, மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒருமுறை, போதும். மழமழவென்று வராவிட்டால் பரவாயில்லை, நாம் சோதிப்பது பிளேடை. முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்த படிகாரக் கல்லை முகமெங்கும் தடவுங்கள். எங்கே சுள்ளென்று எரிகிறதோ அங்கே பிளேடு தோலைச் சுரண்டியிருக்கிறது. கண்ணாடியில் தெரியாத சேதத்தைப் படிகாரம் சொல்லிவிடும். எரிந்த இடத்தையும் எரிச்சலின் அளவையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சரியாக வராவிட்டால்

ஆரம்பத்தில் இரண்டு மூன்று இழுப்பு மட்டும் தடங்கி, பிறகு வழுக்கினால் வாயில் மெழுகு மிச்சம் இருந்திருக்கிறது. அடுத்த பிளேடை இன்னும் சூடான நீரில் அலசுங்கள்.

ஆரம்பத்திலிருந்தே பிளேடு ஒரே மாதிரி முடியைப் பிடித்து இழுத்தால், லென்ஸிலும் குறை தெரியவில்லை என்றால், கார்பன் பிளேடில் காரணம் பெரும்பாலும் ஆக்சைடு. கண்ணுக்குத் துருவாகத் தெரிவதற்கு முன்பே, மிக மெல்லிய நுனி காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து வட்டமாகிவிடுகிறது. இதற்கு மருந்து கிடையாது. பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறம் வைத்து விரலால் முன்னும் பின்னும் தேய்ப்பது ஒரு பழைய வழக்கம். பயன்படுத்தியதால் லேசாக மடங்கிய கார்பன் வாயை அது நிமிர்த்தும். அரித்துப்போன வாயை அது ஒன்றும் செய்யாது. மேல்பூச்சு உள்ள பிளேடில் செய்தால் பூச்சு போய்விடும், விரலுக்கும் ஆபத்து.

முடி நன்றாக வெட்டுப்பட்டும் தோல் எரிந்தால் அது கூர்மைக் குறைவு அல்ல, வழவழப்புக் குறைவு. பூச்சு இல்லாத பிளேடு எல்லாமே இன்றைய பிளேடுக்குப் பழகிய தோலுக்கு முரடாகத்தான் படும். நுரையில் நீரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். சிலர் பிளேடின் வாயைத் தக்கையில் ஒருமுறை அழுத்தி எடுத்து முரட்டுத்தனத்தைக் குறைப்பார்கள். புது எவர்சில்வர் பிளேடில் அது செல்லும். பழைய கார்பனில் வேண்டாம். இருக்கிற கூரும் போகும், குறை பிளேடுடையதா தக்கையுடையதா என்றும் தெரியாமல் போகும்.

ஒரே இடத்தில் மட்டும் மெல்லிய கீறல் கோடு விழுந்தால் வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. கீறல் கன்னத்தில் எங்கே விழுந்தது என்பதை வைத்து, பிளேடின் அதே இடத்தை லென்ஸில் தேடுங்கள். அநேகமாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். முதலில் எதைத் தவறவிட்டோம் என்று அடுத்த முறைக்குக் கண் பழகும்.

எத்தனை சவரம்

கார்பன் பிளேடிடம் இன்றைய கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒன்று முதல் மூன்று சவரம், அவ்வளவுதான் அதன் ஆயுள். முதல் சவரம் அருமையாக இருந்து இரண்டாவது சுமாராக இருந்தால் அந்தப் பிளேடு தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய எவர்சில்வர் நான்கிலிருந்து ஆறு வரை தாங்கும். எத்தனையாவது சவரமானாலும், முந்தினதைவிட முடியைப் பிடித்து இழுப்பது கூடினால் நிறுத்திவிடுங்கள்.

கார்பனை இரண்டாம் சவரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முகம் துடைப்பதற்கு முன்பே அதைக் கவனிக்க வேண்டும். ரேசரைக் கழற்றி, பிளேடை ஓடும் நீரில் அலசி, உதறி, ஆல்கஹாலில் முக்கி எடுங்கள். ஆல்கஹால் நீரைத் தள்ளிவிட்டு விரைவில் ஆவியாகும். உலர்ந்ததும் ஒரு துளி மினரல் ஆயிலை நடுப்பகுதியில் விட்டுச் சாய்த்தால் அது வாய்வரை பரவும். குளியலறையில் வைக்காமல் உலர்ந்த அறையில் வையுங்கள். குழாய்நீரில் குளோரைடும் உப்பும் அதிகமிருக்கும் இடங்களில் சில மணி நேரத்திலேயே பழுப்பு தட்டும். அங்கே கார்பனை ஒரே சவரத்தோடு முடித்துவிடுவதே உத்தமம்.

பிரிக்காத பொட்டலங்களைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெப்பம் ஏறி இறங்கும் இடம் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் வியர்த்துத் துருவைத் தொடங்கிவைக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். உறையில் உள்ள பெயரும் குறியீடும், எஃகு வகை, லென்ஸில் தெரிந்தது, எந்த ரேசர், எத்தனை நாள் முடி, முதல் நான்கு இழுப்பு எப்படி, படிகாரம் எங்கே எரிந்தது, எத்தனை சவரம். ஒரே பெயரில் ஐந்து பிளேடாவது முயன்ற பிறகுதான் அந்தப் பெயரைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அதற்கு முன் சொல்வதெல்லாம் அந்த ஒரு பிளேடு கிடந்த அலமாரியைப் பற்றிய செய்திதான்.

முடிந்த பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். மூடியில் மெல்லிய பிளவு வெட்டிய தகர டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் பிளவை ஒட்டி மூடி, உலோக மறுசுழற்சிக்கு ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். லென்ஸ் சோதனையில் தோற்றவையும் அதே டப்பாவுக்குத்தான் போக வேண்டும். உறையோடு திரும்ப மடித்து வைத்தால், வேறொருவர் கையில் அது பயன்படுத்தாத பிளேடாகவே போய்ச் சேரும்.